ஒத்தைக்கு அடிச்ச டயர்

— கடலூர் பஸ் வர்ற வரைக்கும் இப்படி உக்காரு அமராவதி. கால நீட்டிக்க. ஆமா, டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்ன?

— என்னா பொய் மாமா?

— தேஞ்ச செருப்புக்கு அடியில டயர் வெச்சு அடிச்சது யாருன்னு கேட்டாரே. பாதிரிப்புலியூர் ரோட்டோரம் தைக்கிறவருன்னுட்ட. நான்தான அடிச்சேன்?

— அத்தினி பேரு எதுர்ல உங்கள அவரு ஏசணுமா? விடுங்க மாமா.

— எப்படி விடுறது? முட்டியப் பாத்த கையோட செருப்பத் தூக்கிப் பாத்தாரே. வலது கால் செருப்பு ஒரு வெரக்கடை ஒசரமாம். இதப் போட்டுக்கிட்டு மீன் கூடையும் தூக்கிட்டு நடந்தா முட்டி என்னாத்துக்கு ஆவும்னு கேட்டாரு. எனக்கு அங்கியே மண்ணுக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு.

— ஒத்தை தேஞ்சா ஒத்தைக்குத்தான அடிப்பாங்க. உங்களுக்கு என்னா தெரியும்?

— நல்லாருக்கிற இன்னொண்ண எதுக்கு ஆணி அடிச்சுக் கெடுக்கணும்னு நெனச்சேன் புள்ள. லாரி டயரு, தடிமன் ஜாஸ்தி. வருசத்துக்கும் தேயாதுன்னு தேவனாம்பட்டினம் பூரா பெரும பேசிக்கிட்டுத் திரிஞ்சேன்.

— தார் ரோட்டுல கால் சுடாம நடந்தேன்ல?

— எங்க நடந்த? நொண்டுன. முட்டி வீங்கிப்போயி கூடையோட வந்து நின்னவள நான் என்னா சொன்னேன்? மீன் விக்கப் போவ சோம்பல், வேஷம் போடுறான்னு எங்கம்மா எதுர்ல ஏசுனேன். எனக்கு நாக்கு அழுவிப் போவணும்.

— அந்த வலது செருப்ப இப்படி எடுத்துக் குடுங்க மாமா.

— செருப்ப எதுக்குப் பாக்குற அமராவதி? திட்டவாவது திட்டு.

— இருங்க மாமா, வேற ஒண்ணு யோசிக்கிறேன்.

— என்னாத்த யோசிக்கிற? ரெண்டும் ஒரே மட்டமா இருக்கிற செருப்பாப் போட்டு, கூடையக் கொஞ்ச நாளு எறக்கி வெச்சா சரியாயிடும்னுதான சொன்னாரு? வா, இங்க சிதம்பரத்துலயே உனக்குப் புதுசா ஒரு ஜோடி வாங்கிடலாம்.

— எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல பொன்னிக்கு வாங்குங்க.

— நம்ம பொண்ணுக்கா? அவளுக்கு இப்ப எதுக்கு?

— மிச்ச டயர அவ செருப்புக்கும் அடிச்சீங்களே மாமா, அதுவும் ஒத்தைக்கு. கால் வலிக்குதுன்னு அழுதவள, பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி குடுக்கிறான்னு காலையிலகூட அடிச்சுட்டுத்தான வந்தீங்க?