போர்வைக் கப்பலின் கடைசிப் பக்கம்

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவனுக்கு முதுகு வலிக்காத நாள் கிடையாது. அதனால் இந்தக் காவல் நிலைய நாற்காலி எனக்குச் சிரமமில்லை. நீங்கள் உட்காருங்கள் ஐயா, சொல்கிறேன். ஒளித்து மறைக்கிற தெம்பெல்லாம் இப்போது இல்லை.

என்னால் மனதிலிருந்து வரைய முடியாது. ஆள் எதிரே இருக்க வேண்டும். பூனை வரைய வேண்டும் என்றால் பூனையைப் பிடித்து வந்து மேசைக்காலில் கட்டிப்போட்டவன் நான். பதிப்பகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். என் புத்தகங்களில் வருகிற பெண் குழந்தைகள் எல்லாம் என் மகள்தான். அவள் அம்மா தவறிய பிறகு எதிரே உட்கார வீட்டில் வேறு ஆளும் இல்லை. ஆனால் ஓர் இடத்தில் இருக்கிற பிள்ளையா அது? திரும்புவாள், சிரிப்பாள், ஓடிவிடுவாள். படங்களும் ஏனோதானோவென்று வந்தன.

போன மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் அசையாமல் கிடந்தாள். சும்மா இருக்கப் பிடிக்காமல் வரைந்தேன். அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை வரைந்ததே இல்லை. அந்தப் படங்களை வைத்துச் செய்ததுதான், போர்வையே கப்பலாகி ஒரு சிறுமியைக் கொண்டுபோகிற கதை. புத்தகம் வந்ததும் நூலகத்தில் கூட்டம் போட்டு வாசித்தார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் அந்தப் படத்தைத் தடவித் தடவி அழுதாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இரண்டாம் பாகம் கேட்டார்கள். அதற்குள் மகள் தேறி, கன்னம் உப்பி, சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். வரைந்து அனுப்பினேன். "எல்லாம் சரிதான் சார், அந்தக் கண்ணுதான் வரலை" என்றார் பதிப்பாளர். எனக்கும் தெரியும், வரவில்லை.

குளிர் தொடங்கியதும் சளி திரும்பியது. அவள் படுக்கைக்கு மேலே ஜன்னலைத் திறந்து வைத்ததும் நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை ஒரு வேளை தள்ளிப்போட்டேன். ஒரு பக்கம் முடியட்டும் என்றுதான். பிறகு அடுத்த பக்கம். மருந்தை அளந்து எடுத்து, தூரிகை அலசுகிற குவளையில் ஊற்றிவிடுவேன். பாட்டில் குறைய வேண்டுமே. என் அக்கா வந்தால் முதலில் அதைத்தான் தூக்கிப் பார்ப்பாள்.

"அப்பா, எனக்கு எப்பப்பா சரியாகும்?"

"இந்தப் பக்கம் முடியட்டும் கண்ணு. அப்படியே இரு."

அப்படியே இருந்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. மூச்சு இழுக்கும்போது தோள் ஏறும், என் கோடு பிசகும். அதனால் மூச்சு விட்ட பிறகு வரைவேன்.

மேசையைத் துடைக்க வந்த அக்கா, குவளையை எறும்பு மொய்த்திருப்பதைப் பார்த்தாள். முகர்ந்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"என்னடா இது, சாயத் தண்ணி இனிக்குது? மருந்து வாசனை வேற அடிக்குது."

நான் குவளையைக் கைநீட்டி வாங்கப் பார்த்தேன்.

"அடப்பாவி, நீ பெத்த புள்ளைடா அது."

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூட இல்லாமல் மருத்துவமனைக்கு ஓடினாள். உதட்டில் நீலம் ஏறியிருந்ததாக உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்த நீலத்தை நான் முந்தின நாளே கவனித்தேன். கலந்தும் வைத்திருந்தேன்.

வேண்டுமென்றே செய்ததா என்று கேட்டீர்கள். ஆமாம். ஒவ்வொரு வேளையும். அவள் செத்துப்போகலாம் என்று தெரியுமா என்றால், தெரியும். ஆனால் பாசத்தில் குறை வைத்தேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. பெற்ற பிள்ளையை இப்படி உற்று உற்றுப் பார்த்த தகப்பன் எவன் இருக்கிறான்?

இப்போது மூச்சு சீராகிவருவதாகச் சொன்னீர்கள். என் வயிற்றில் பால் வார்த்தீர்கள் ஐயா. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு தடவை அவளைப் பார்க்க விடுங்கள். கடைசிப் பக்கம் பாக்கி இருக்கிறது. அவள் முழுசாகத் தேறுவதற்குள் விட்டால் உபகாரமாக இருக்கும்.