அன்று செல்லுபடியான ஆணி

அவைக்குத் தலைமை ஏற்று, கைமணியை மேசைமேல் வைத்துக்கொண்டு, "சிக்ஸ்டென், கால் மணி நேரம்தான்" என்று கண்ணாலேயே எச்சரிக்கும் அம்மையார் இங்கேலா அவர்களே! முன்வரிசையில் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற கட்டடக் காப்பாளர், பெரியவர் ரங்னவால்ட் அவர்களே! ஆய்வுக்கூடத்து அருமைத் தோழர்களே! தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே! நம் தென் ஸ்வீடனின் ஸ்கோனேக் காற்று கன்னத்தில் அறைய அறையச் சைக்கிள் மிதித்து இந்த மக்கள் மன்றத்துக்கு வந்து சேர்ந்த ஊர்ப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும் கீழ்த்தளத்துக் குளிர்பொறிக்காரன் சிக்ஸ்டெனின் வணக்கம்!

நான் பேராசிரியன் அல்லன். பட்டம் பெற்றவனும் அல்லன். இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்தின் கீழ்த்தளத்தில் குழாய் முறுக்குகிறவன், கசிவு பார்க்கிறவன், குளிர்பொறியைக் குளிராக வைத்திருக்கிறவன். மேடையும் எனக்குப் புதிது, மைக்கும் புதிது. ஆனால் இன்று என் வயிற்றில் எரிகிற நெருப்பு இருக்கிறதே, அதை அணைக்க என் குளிர்பொறியாலும் ஆகாது.

நாளை காலை பத்து மணிக்கு நம் பல்கலைக்கழக நிர்வாகக் குழு ஒரு தாளில் கையெழுத்திடப் போகிறது. அந்தக் கையெழுத்து விழுந்தால் வெள்ளிக்கிழமை என் குளிர்பொறி அணையும். அதனுள்ளே இருக்கும் படிகங்கள் பெட்டியில் ஏறிப் போகும். அதோ, மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாளே ஹெட்விக் ஓகெர்லுண்ட், அவளுடைய வாழ்நாள் உழைப்பும் அந்தப் பெட்டியில் ஏறிப் போகும். ஏன்? எதற்காக? யாருக்காக?

அது என்ன படிகம் என்கிறீர்களா? ஒளியைப் பிடித்து வைக்கும் படிகம். குவாண்டம் நினைவகம் என்பார்கள். ஒளியின் மிக நுண்ணிய துளியை உள்ளே வாங்கும், வைத்திருக்கும், கேட்டபோது குறையாமல், குலையாமல், திருப்பித் தரும். உலகமெங்கும் இதற்காக அலைந்தார்கள். பிடித்த ஒளி நிற்கவில்லை. ஹெட்விக் ஒரு வழி கண்டாள். ஒளியை உள்ளே விடுமுன் படிகத்தை லேசரால் ஒருமுறை துடை; பிறகு இன்னொருமுறை துடை. இரட்டைத் துடைப்பு! அவ்வளவுதான். ஒளி நின்றது. அன்று நான் மேலே போயிருந்தேன்; அவள் படியேறக்கூடப் பொறுமையில்லாமல், கீழ்த்தளத்திலிருந்தே கத்தினாள்: "சிக்ஸ்டென், நின்னுடுச்சுடா! நின்னுடுச்சு!"

சரி, பிறகு என்ன ஆயிற்று? பிறகு ஓர் ஆணி வந்தது.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு மூன்று வாரம் முன்பு, ஆய்வேட்டை எழுதியவரே சுத்தியலை எடுத்து, பெரிய கூடத்துப் பலகையில் தம் கையால் ஆணியடித்துத் தொங்கவிட வேண்டும். ஊரார் வந்து படிக்கட்டும், குற்றம் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காக. பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் பதினான்கு, திங்கட்கிழமை. ஹெட்விக் ஆணி அடித்தாள். சுத்தியல் கொடுத்தவன் நான். எல்லோரும் கைதட்டினோம். பச்சை நிறக் கேக் வெட்டினோம். அவளுடைய காப்புரிமை விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை போவதாக இருந்தது. ஒரே ஒரு நாள் பிந்தி!

மறுநாள் பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசகர் வேகேலியஸ் கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார்.

"ஹெட்விக், என்ன காரியம் பண்ணிட்ட? விண்ணப்பம் போகறதுக்கு முன்னாடி ஆணி அடிச்சுட்டியா?"

"அடிச்சேன். மூணு வாரக் கணக்கு தப்பக் கூடாதே."

"போச்சு! ஊரே பாக்கற இடத்துல தொங்கவிட்டா அது ஊர்ச்சொத்து. இனி அது புதுசு இல்ல. உனக்குக் காப்புரிமை கிடையாது."

"கூடத்துல ஒரு பலகைல தொங்கறது... அதுவுமா?"

"அதுவும்தான்! ஒரே ஒரு ஆணி போதும், சட்டத்துக்கு."

இந்தச் சொற்களை மறந்துவிடாதீர்கள், பெருமக்களே! "ஒரே ஒரு ஆணி போதும், சட்டத்துக்கு." பதறிப்போன ஹெட்விக், கணினிப் பிரதியையாவது நிறுத்தி வைக்கச் சொன்னாள். நூலகமும் அதை அக்டோபர் வரை வெளியிடாமல் வைத்தது. ஆனால் காப்புரிமை போனது போனதுதான். அதோடு விட்டார்களா? புதிதாக வரும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு வகுப்பு எடுப்பார்கள். அதன் முதல் படம் ஒரு சுத்தியல், அடியில், "ஹெட்விக் மாதிரி அவசரப்படாதீர்கள்." பதினோரு ஆண்டுகள்! பதினோரு முறை அந்தப் படத்தைத் திரையில் ஓட்டினார்கள், பதினோரு முறை கூடம் சிரித்தது. அவள் அதே கட்டடத்தில், அதே படியில், அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே ஏறி இறங்கினாள்.

யார் அங்கே? "வெட்கக்கேடு" என்கிறீர்களா? உரக்கச் சொல்லுங்கள் அம்மா, வேகேலியஸ் கடைசி வரிசையில்தான் இருக்கிறார்!

இப்போது கேளுங்கள். ஹெட்விக்கும் நானும் இன்னும் நான்கு பேருமாகச் சிறு பட்டறை ஒன்று தொடங்கினோம். முதல் நினைவகத்தை வாங்க ஆட்கள் வந்தார்கள். விற்குமுன் காப்புரிமைத் தடை ஏதும் உண்டா என்று தேடிப்பார்த்துத் தடையின்மை அறிக்கை வாங்க வேண்டும்; அதுதான் முறை. தேடினோம். வந்தது அறிக்கை! முதல் பக்கத்திலேயே, தடை உண்டு. ஒரு பெரிய நிறுவனம். பெயரைச் சொன்னால் நோட்டீஸ் வரும், ஆகவே "பெரிய வீடு" என்கிறேன். அந்தப் பெரிய வீடு இரட்டைத் துடைப்புக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருக்கிறது. எப்போது விண்ணப்பித்தது? அதே ஆண்டு செப்டம்பரில்! ஹெட்விக் ஆணி அடித்து ஐந்து மாதம் கழித்து! இப்போது கடிதம் எழுதுகிறார்கள்: எங்கள் முறையை நிறுத்து, படிகங்களை ஒப்படை. அதற்குச் சம்மதம் என்றுதான் நாளை நம் குழு கையெழுத்திடப் போகிறது.

எங்கள் முறையா? யாருடைய முறை? மருந்துக் கடையில் நம்பர் சீட்டு எடுத்து, நமக்கு முன்னால் ஒரே ஒருவர் இருந்தாலும் வாய் திறக்காமல் நிற்கிற மக்கள் நாம்! முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது நம் இரத்தத்தில் ஊறியது. ஐந்து மாதம் கழித்து வந்தவன் சீட்டும் எடுக்காமல் முன்னால் போய் நிற்கிறான். முதலில் வந்தவளைப் பார்த்து வெளியே போ என்கிறான்!

நான் வேகேலியஸின் அறைக்குப் போனேன்.

"அந்தக் காப்புரிமை செல்லாது. ஹெட்விக்கோட ஆய்வேடு ஏப்ரல்லயே ஊருக்குத் தெரிஞ்சது. அவங்க விண்ணப்பிச்சப்போ அது புதுசே இல்ல" என்றேன்.

"கணினிப் பிரதி அக்டோபர்லதான் வெளியாச்சு, சிக்ஸ்டென். அவங்க செப்டம்பர்."

"ஆணி ஏப்ரல்!"

அவர் சிரித்தார். "ஒரு ஆணிய நம்பி எவன் வழக்குக்குப் போவான்? அது சும்மா சடங்கு. அதுல தொங்கினத ஒருத்தன் படிச்சான்னு உன்னால காட்ட முடியுமா? கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

கேட்டீர்களா பெருமக்களே! கேட்டீர்களா! ஹெட்விக்கின் உரிமையைப் பறிக்க வேண்டிய அன்று, ஓர் ஆணி போதும். ஹெட்விக்கின் உரிமையைக் காக்க வேண்டிய இன்று, ஆணி வெறும் சடங்கு! அதே ஆணி, அதே பலகை, அதே வாய்! எளியவளைத் தாக்கும்போது எஃகு, வலியவனைத் தொடும்போது வைக்கோலா? என்ன நியாயம் இது? எந்த ஊர் நியாயம் இது?

அன்று மாலை ஆத்திரம் தாங்காமல் ரங்னவால்ட் வீட்டுக்குப் போனேன். முப்பது ஆண்டுகள் அந்தக் கூடத்தைக் காத்தவர். நான் ஆணி என்று வாயெடுத்ததும் மனிதர் பொங்கிவிட்டார்.

"ஆணியா? என் ஓக் பலகைய பாழாக்கினானுங்க, படிச்ச பசங்க! எவன் எப்ப எங்க ஓட்டை போட்டான்னு ஒண்ணு விடாம எழுதி வெச்சிருக்கேன்!"

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"பின்ன? ஓய்வு பெறும்போது மேலிடத்துல புகார் குடுக்கலாம்னு எழுதினேன். வாங்கமாட்டேன்னுட்டாங்க."

இதோ அந்த நோட்டு! எண்ணெய் படிந்த நீல அட்டை, அவர் கையெழுத்து. படிக்கிறேன்: "ஏப்ரல் 14, திங்கள். ஓகெர்லுண்ட். ஆணி கோணல். இரண்டு அடி தவறிப் பலகையில் பட்டது..."

என்ன ரங்னவால்ட்? மூன்று அடியா? சரி, மூன்று! பொய் சொல்லமாட்டார், பார்த்தீர்களா?

மீதியைக் கேளுங்கள். "ஏப்ரல் 17, வியாழன். காவல் நேரத்தில் பொழுது போகவில்லை. ஓகெர்லுண்டின் ஆய்வேட்டை எடுத்துப் படித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. எண்பத்து மூன்றாம் பக்கத்தில் மட்டும் விளங்கியது. படிகத்தை இரண்டு முறை துடைக்க வேண்டுமாம். தரையும் அப்படித்தான்."

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! நானும் சிரித்தேன், பிறகு அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். ஒருத்தன் படித்தானா என்று கேட்டாயே வேகேலியஸ், இதோ ஒருவர் படித்தார்! பட்டமில்லாதவர், துடைப்பம் பிடித்தவர் படித்தார்! பெரிய வீட்டின் வக்கீல்கள் செப்டம்பரில் புதிது என்று எழுதியதை, இவர் ஏப்ரலிலேயே புரிந்துகொண்டு தேதி போட்டு எழுதிவிட்டார். இந்த நோட்டை முந்தாநாள் உன் மேசையில் வைத்தேன். நீ என்ன சொன்னாய்? "காப்பாளரோட கிறுக்கலை எல்லாம் குழு பாக்காது." கிறுக்கலா? ஒரு மனிதர் முப்பது ஆண்டுகள் உண்மையை மட்டுமே எழுதினார். அதற்குப் பெயர் கிறுக்கலா?

இங்கேலா மணியைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன்.

அன்று அந்தக் கூடத்தில் கைதட்டியவர்கள், கேக் தின்றவர்கள் எழுந்து நில்லுங்கள்! ஒன்று... ஏழு... பதினான்கு... அதோ பின்னால் இன்னும் இருவர். பதினாறு பேர்! பதினாறு வாய்கள் கேக் தின்றது மெய்யென்றால், அன்று ஆணி விழுந்ததும் மெய். நாளை காலை பத்து மணிக்குமுன் அந்தக் கூடத்துக்கு வாருங்கள். "கையெழுத்திடாதே" என்ற நம் கோரிக்கையும், பதினாறு சாட்சிகளின் பெயரும், இந்த நோட்டின் அந்தப் பக்கமும் அதே பலகையில் தொங்க வேண்டும். குழு அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

அதை அடிக்கப் போவது நானல்லன். ஹெட்விக், தலையை நிமிர்த்து! அன்று ஆணியடித்த உன் கைதான் பதினோரு ஆண்டுகளாக உன்னைத் தலைகுனிய வைத்தது. இந்தா சுத்தியல், அதே சுத்தியல். நாளை நீதான் அடிக்கிறாய்.

ரங்னவால்ட் ஏதோ சொல்ல எழுகிறார். சொல்லுங்கள், பெரியவரே!

"இந்தத் தடவ எத்தன அடி தப்பினாலும் பரவால்ல, பொண்ணே. நான் எழுதிக்கறேன்."

இதற்குமேல் நான் என்ன பேச? கேட்ட காதுகளுக்கும் எழுந்து நின்ற கால்களுக்கும் என் நன்றி. காபி ஆறுகிறது, குடித்துவிட்டு வீடு சேருங்கள். காலையில் கூடத்தில் சந்திப்போம். வணக்கம்!