பரீட்சை நாள் பழுது

— தொடாம நில்லுங்க ஜெயசிங் அண்ணா, கையை எடுங்க!

— எனக்க கை இன்னா, பாக்கெட்டுல கெடக்கு. மெஷினு தன்னால ஆக்கும் பேசுது, ஆதிரா மக்கா.

— ஏழெட்டு ஐம்பத்தாறுண்ணு தமிழ்ல தொடங்குது, பாதியில மலையாளத்துக்குத் தாவுது, அங்கேந்து இங்கிலீஷுக்கு ஓடுது. ஒரு வாய்ப்பாடு முழுசா வரல்ல.

— இந்த எல்லையோரப் பாறசாலைக்காரன் பேசுததும் அப்படித்தானே? அதுக்கு எதுக்கு ரிப்பேரு?

— சிரிக்காதீங்க! வாய்ப்பாடு செல்லுத இந்த ஒரு டச் ஸ்கிரீன் கியோஸ்க்குக்காக மாசத்துல நாலாவது மொறையா உங்க மியூசியத்துக்கு வாறேன். மொதல்ல வயரை மாத்தினேன். பிறகு புரோகிராமை அழிச்சு ஏத்தினேன். போன வாரம் போர்டையே மாத்தியாச்சு. இண்ணைக்குப் பதினோரு மணிக்குள்ள சரியாவல்லேண்ணா மெஷினை வண்டியில ஏத்தணும், எனக்கும் வேலை இல்ல. கம்பெனி மேனேஜர் சஜின் ஸார் எழுதியே அனுப்பியாச்சு.

— கர்த்தரே! டிரைவர் தீபு வாசல்ல வண்டியைப் போட்டுட்டு எதுக்கு நிக்கான்னு இப்பல்லா தெரியுது.

— கயிறும் கொண்டு வந்திருக்கான்.

— மெஷினைக் கெட்டவா, உன்னையும் சேத்துக் கெட்டவா?

— அண்ணா!

— சேரி, சேரி. மணி பத்தே கால்தான் ஆச்சு.

— நீங்க வாச்சர், எல்லாம் நோட்டுல எழுதி வச்சிருப்பீங்களே. எப்பப்போ கெட்டுப் போச்சு, செல்லுங்க.

— மூணாந்தேதி. ஏழாந்தேதி. பிறகு பதினாலு. பின்ன நேத்து. இடையில எல்லாம் தங்கம்போல நிண்ணுது.

— நில்லுங்க. எனக்க தங்கச்சி தனுவச்சபுரம் காலேஜுல படிக்கா. அவளுக்குப் பரீட்ச நாலாந்தேதி, எட்டாந்தேதி, பதினைஞ்சு. இண்ணைக்கும் பரீட்சைக்குத்தான் போயிருக்கா.

— அப்படியா? நான் போய் ரெண்டு சாயா வாங்கிட்டு வாறேன்.

— அங்கேயே நில்லுங்க! பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் இது ஏன் கெடுது?

— மெஷினுக்கும் பயம் இருக்காதா மக்கா?

— எனக்க மொகத்தைப் பாத்துச் செல்லுங்க.

— கேட்டா நீ சிரிப்பே. இந்த ஸ்கிரீன் படத்துல தலப்பாவும் கெட்டி நிக்காருல்லா, கணக்கு வாத்தியார்? நூறு வருசம் முந்தி இந்தப் பக்கத்துப் பிள்ளையளுக்கெல்லாம் கணக்கு செல்லிக் குடுத்த ஆளு. குளத்தூர்ல ஒருத்தன், அகிலேஷ். மூணு அரியர் வச்சிருந்தான். சும்மா ஒரு விளையாட்டுக்கு இவருக்க காலத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான். மூணும் கிளியர்!

— பிறகு?

— பிறகு என்ன? அடுத்த பரீட்சைக்கு பஸ்ஸு நெறஞ்சு வந்தானுவ. வாசல்ல கெடந்த செருப்பைப் பாத்து, உள்ள சபைக்க ஜெபக் கன்வென்ஷன் கூட்டம் நடக்குதோண்ணு நானே பயந்துட்டேன்.

— வெறும் கையால தொட்டா இப்படி ஆவாதே. டார்ச் அடிங்க. காலுக்குக் கீழ, கண்ணாடி ஓரத்துல, இந்த இடுக்குல மஞ்சளா என்ன ஒட்டியிருக்கு? மணக்கவும் செய்யுது!

— சந்தனம்.

— சந்தனமா?

— அம்பலத்துல சாமி கும்பிட்டுட்டு நேரே இங்க வாறானுவ. கையில மிச்சமுள்ளதை வாத்தியாருக்க காலுல வைக்கானுவ. ஒரு பிள்ள செம்பருத்திப் பூவும் வச்சா. நான் சபைக்காரன், எனக்கு இதெல்லாம் தெரியுமா? நீ வாறதுக்கு முன்ன ஈரத்துணியால நல்லா தொடச்சு, பளபளாண்ணு ஆக்கி வைப்பேன்.

— தொடச்சீங்களா? தேய்ச்சு இடுக்குல ஏத்தியிருக்கீங்க! இந்த ஓரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும் அண்ணா. அதுக்குக் குறுக்க வெரலு வந்தா, யாரோ தொட்டாச்சுண்ணு மெஷினு நெனைக்கும். இப்போ சந்தனம் குறுக்க உக்காந்திருக்கு. பாஷை மாத்துத பட்டனும் அங்கதான். நேத்துல இருந்து யாரோ விடாம அமுக்குதாருண்ணு நெனச்சு ஓடியிருக்கு, பாவம்!

— அப்போ நீ மாத்தின போர்டு?

— போர்டுக்கு ஒரு கொழப்பமும் இல்ல! ஒவ்வொரு மொறையும் நான் சட்டத்தைக் களத்தும்போ காஞ்ச சந்தனம் தானா உதுந்து போயிருக்கு. நான் மாத்தின சாமானுதான் சரியாக்கிச்சுண்ணு நெஞ்சை நிமித்திட்டு வீட்டுக்குப் போயிருக்கேன். அய்யோ, சிரிச்சு வயிறு வலிக்குது!

— மக்கா, தரையில உக்காந்து சிரிக்காத. ஆளுவ பாக்குது.

— பல்லு தேய்க்குத பிரஷ் ஒண்ணு கெடைக்குமா? காஞ்ச துணியும் வேணும்.

— புதுசே உண்டு. எனக்குண்ணு வாங்கி வச்சது. இந்தா.

— வந்துட்டு, வந்துட்டு! கேளுங்க! ஏழெட்டு ஐம்பத்தாறு, ஏழொம்பது அறுபத்திமூணு, ஏழுபத்து எழுபது! முழுசா, ஒரே பாஷையில!

— கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! உனக்க போன் அடிக்குது பாரு.

— சஜின் ஸார் ஆக்கும். ஸ்பீக்கர்ல போடுதேன். ஸார், சரியாயாச்சு!

— ஆதிரா, இதையேதான் போன வாரமும் சொன்னே. காரணம் என்ன, அதைச் சொல்லு.

— பக்தி, ஸார்.

— என்னது?

— ஓரத்துல சந்தனம் ஸார். வாத்தியாருக்க காலத் தொட்டுப் பூசிட்டுப் போறாங்க. படத்தை மேல ஏத்தினா காலு நடுவுல வந்துரும், ஓரத்துல ஒண்ணும் படாது. இல்லேண்ணா இடுப்போட வெட்டி வைக்கலாம்.

— வெட்டாத மக்கா! காலு வேணும்!

— அது யாரு குறுக்க?

— வாச்சர், ஸார். அவருக்குக் காலு மேல ஏதோ பாசம்.

— சரி, மேலேயே ஏத்து. தீபுவைத் திரும்பிப் போகச் சொல்லு. இனி அந்த மியூசியம் முழுக்க உன் பொறுப்பு.

— கேட்டீங்களா அண்ணா? வேலை போகல்ல! எனக்குக் காலு தரையில நிக்கல்ல! இன்னா, படமும் ஏறியாச்சு. இனி ஒரே ஒரு காரியம் பாக்கி உண்டு.

— என்னது? செருப்பை எதுக்குக் களத்துத?

— எனக்க வேலையைக் காத்தது இந்தக் காலு ஆக்கும். நானும் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறேன்.

— வேண்டாம் மக்கா, நீ தொடாத! பிள்ளையளு தொடும்போதே எனக்கு ஒடம்பு கூசுது!

— அவருக்க காலத் தொட்டா உங்களுக்கு எதுக்குக் கூசுது?

— வாத்தியாருக்க படம் ஒண்ணுகூட கெடைக்கல்லேண்ணு, மியூசியம் தொறக்கதுக்கு முந்தின நாள் என்னையப் பிடிச்சு, தலப்பாவும் கெட்டி மீசையும் ஒட்டி நிக்க வச்சு எடுத்த படம் மக்கா. கணக்குல மூணு மொறை தோத்து, பத்தாங்கிளாஸைத் தாண்டாம நிண்ண காலு ஆக்கும் அது!