சீனிவாசகத்தின் மூக்கும் என் கணிப்பும்

சர்க்கரை வியாதிக்காரர்கள் என்னிடம் பொய் சொல்வதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இருக்கன்குடி கோயிலில் பொங்கல் வைத்து, பானையை வழித்துத் தின்றுவிட்டு நேரே என்னிடம் வந்து, “ரெண்டே இட்லிதான்யா” என்பார்கள். நானும் தலையாட்டிவிட்டு மாத்திரையைக் கூட்டி எழுதுவேன். பொய்க்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கத் தெரிந்தவன்தான் சிவகாசியில் டாக்டராகக் காலம் தள்ள முடியும்.

விசாரணைக்கு வந்திருக்கும் நீங்களும் டாக்டர்கள். சர்க்கரை, கிட்னி என்று ஏற்கெனவே நொந்துபோன உடம்பில் ஓர் அபூர்வ நோய் புகுந்தால், பழைய நோயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதைப் பிடிப்பது லேசில்லை. எனக்கு அது வரும், சிலருக்குப் பாட்டு வருகிற மாதிரி.

பிடித்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். அச்சகம் வைத்திருக்கும் முத்துக்கிருஷ்ணன், டயாலிசிஸ் செய்துகொள்கிறவர், மூச்சு வாங்குகிறது என்று வந்தார். கழுத்து நரம்பைப் பார்த்ததுமே இதயத்தைச் சுற்றி நீர் கோத்து அழுத்துகிறது என்று தெரிந்துவிட்டது. கையோடு மதுரைக்கு அனுப்பினேன். அங்கே ஊசி போட்டு நீரை எடுத்தார்கள், பிழைத்தார். ஊர் திரும்பியதும் அந்த மதுரை டாக்டரின் படத்தைப் போட்டு, ‘எமன் வாயிலிருந்து மீட்ட தெய்வம்’ என்று தினசரி காலண்டர் அடித்து ஊரெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒன்று.

“இங்கன ஆணி சும்மாதான இருக்கு டாக்டரய்யா, மாட்டிக்கோங்க” என்றார்.

மாட்டினேன். வருஷம் முழுக்க அந்த ஆள் முகத்துக்குக் கீழே நின்று தேதி கிழித்தேன்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. முதலில் பார்க்கிற டாக்டருக்கு நோய் பூனை மாதிரி வரும், கடைசியில் பார்ப்பவனுக்குக் குத்துக்கல்லாக எதிரே நிற்கும். பேர் மட்டும் கடைசி ஆளுக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஒரு தடவையாவது நான் கடைசி ஆளாக இருந்து பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். இந்த வயதில் வேறு என்ன ஆசை இருக்கிறது.

போன தீபாவளி சீசனில் சீனிவாசகம் வந்தார். அச்சங்குளத்துப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருப்பவர். சர்க்கரை எப்போதும் மலையேறியே இருக்கும், கிட்னியும் பாதிதான். ஒரு பக்கக் கன்னம் மரத்திருக்கிறது, மூக்கில் கருப்பாக வருகிறது என்றார். “பட்டாசுக்காரன் மூக்குல சந்தனமா வரும்?” என்று அவரே சிரித்தார். எங்கள் பக்கத்தில் கைக்குட்டை கருத்தால் யாரும் பயப்படுவதில்லை. வெடிமருந்துக் கரித்தூள் என்று உதறிவிட்டுப் போவார்கள்.

ஆனால் சீனிவாசகம் கால் புண்ணால் மாதக்கணக்கில் ஆலைப் பக்கமே போகவில்லை. கரித்தூள் வீடு தேடி வந்து மூக்கில் ஏறாது. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். அண்ணத்தில் எள்ளளவு கருப்பு. கருப்புப் பூஞ்சை. அன்றே மதுரைக்கு அனுப்பியிருந்தால் அறுத்தெடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாம்.

நான் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் கீர்த்திகாவிடம் அனுப்பினேன். சென்னையிலிருந்து புதிதாக வந்து பக்கத்துத் தெருவில் கிளினிக் போட்டிருக்கும் டாக்டர். அவள் கோட்டைவிட்ட பிறகு நான் பிடிப்பதாக என் ஏற்பாடு. ஆனால் அந்தப் பெண் கெட்டிக்காரி. அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

“சார், பூஞ்சையா இருக்குமோன்னு பயமா இருக்கு. மதுரைக்கு அனுப்பிடட்டுமா?”

“நீ ஊருக்குப் புதுசும்மா. சீசன் நேரத்துல முதலாளி வெடிமருந்து கலக்குற ரூம்ல நிக்காம எங்க நிப்பாரு? இங்க அம்புட்டுப் பேரு மூக்கும் இப்படித்தான். சளிக்குக் குடுத்து அனுப்பு.”

வெட்கப்பட்டுச் சிரித்து, நன்றி சொல்லி வைத்தாள். நல்ல பிள்ளை.

நடுவில் சீனிவாசகத்தின் மனைவி லட்சுமிகாந்தம் ஒருநாள் என்னிடம் வந்து, வலி குறையவில்லை என்றார். “கீர்த்திகாம்மா பாக்குறாகள்ல, அவுக சொல்றபடி கேளுங்க” என்றேன். இன்னொரு டாக்டரின் வைத்தியத்தில் தலையிடுவது தொழில் தர்மம் ஆகாது.

கண் பிதுங்கிப் பார்வை போனபின் வீட்டார் சீனிவாசகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்கள். ஒரே பார்வைதான். “கருப்புப் பூஞ்சை” என்றேன். கிளினிக் நிறையச் சனம். லட்சுமிகாந்தம் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க ஒருத்தர்தான்யா கண்டுபிடிச்சீக” என்றார். மறைக்க விரும்பவில்லை, எனக்கு மனசு குளிர்ந்தது. பூஞ்சை அதற்குள் மூளைக்கு ஏறியிருந்தது. சீனிவாசகம் அந்தத் தீபாவளியைப் பார்க்கவில்லை.

நான் போனில் சொன்னதைக் கீர்த்திகா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களும் இரக்கப்பட்டு ஒரு வழி காட்டுகிறீர்கள். பட்டாசு ஊரில் யாராக இருந்தாலும் தூள் என்றுதான் நினைப்பார்கள், நானும் அப்படி ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் எச்சரித்து விட்டுவிடலாம் என்கிறீர்கள். பெரிய மனசு.

ஆனால் அப்படிச் சொல்ல என்னால் முடியாது. கீர்த்திகா மேல் தப்பில்லை. டார்ச் அடித்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சாகவிட்டேன். சீனிவாசகத்தைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நோய் எனக்குப் பிடிபடவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்புறம் ஊரில் நாலு பேர் என்னை ஒரு டாக்டராக மதிப்பார்களா?