காற்று திரும்பும் பக்கம்

சிவப்புத் துணி எங்கள் ஊர்க் காற்றில் அதிக நாள் தாங்காது. முதலில் ஓரம் பிசிறு விடும், பிறகு நடுவில் கிழியும். மேற்குக் கான்சாஸின் அக்டோபரில், புல் காய்ந்து காற்று பலமாக இருக்கும் என்று வானிலை நிலையம் எச்சரித்தால், தீயணைப்பு நிலையத்துக் கம்பத்தில் அந்தக் கொடியை ஏற்றுவது என் வேலை. கொடி ஏறினால் யாரும் வயலில் அறுவடை இயந்திரம் ஓட்டக் கூடாது. அது சட்டமல்ல, வேண்டுகோள். இதில் ஒரு சின்ன விஷயம் எனக்குப் பிடிபடாமலே இருந்தது. எல்லோரும் கொடியைப் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், பிறகு போய் இயந்திரத்தைக் கிளப்புவார்கள். கெட்டவர்கள் இல்லை. ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்கிச் சொன்னால் கேட்பார்கள் என்று நினைத்தேன். நான் ஆல்வின் லைக்கர், தொண்டர் தீயணைப்புப் படைக்குத் தலைவன். விளக்குவது எனக்குப் பிடித்த காரியமும்கூட. இயந்திரத்துக்குள் ஒரு பேரிங் தேய்ந்தால் சூடேறும். அதன்மேல் படிந்திருக்கும் சோளத்தூசி கனிந்து, கங்காகக் கீழே காய்ந்த சோளத்தட்டையில் விழும். காற்றில்லாத நாளில் ஓட்டுபவர் இறங்கிவந்து பூட்ஸால் மிதித்தால் போதும். காற்று நாளில் அவர் ஏணியை விட்டு இறங்குவதற்குள் தீ பக்கத்து வயலில் இருக்கும்.

இதைத் தானியக் கிடங்கின் காபி மேசையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். காலையில் அங்கே விவசாயிகள் கூடி, காபிக்கு யார் பணம் கொடுப்பது என்று பகடை உருட்டுவார்கள். கர்ட் டிரைலிங் எப்போதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு.

"வாங்க கொடிக்காரரே. உலகம் இன்னைக்கு அழியுதா, நாளைக்கா?"

"காத்து ஜாஸ்தியா இருக்கு கர்ட். சோளம் எங்கயும் ஓடிப்போகாது."

"நம்ம ஊர்ல காத்து என்னைக்குய்யா கம்மியா இருந்துது? ஒருநாள் நின்னுச்சுன்னா நாமெல்லாம் நேரா நிக்கத் தெரியாம விழுந்துடுவோம். பகடையை எடுங்க, நீங்க தோத்தா கொடியை இறக்கிடணும்."

மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அவர்மேல் கோபம் இருந்ததில்லை. விசாரணைக்காக நீங்கள் பதிவு செய்வதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்க வந்திருக்கும் தீக்கு முந்தைய இலையுதிர்காலத்தில் ஒரு கொடி நாளில் யாரோ அறுவடை செய்தார்கள். தீ மேய்ச்சல் நிலத்துக்குள் போனது. மாடுகள் எப்போதும் காற்றோடு ஓடி, வேலி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக்கொள்ளும். செத்தவற்றால் தொல்லையில்லை. சாகாதவற்றுக்குக் குளம்பு கழன்றிருந்தது, கண் வெந்திருந்தது. குரல் கேட்டதும் எங்களை நம்பி நடந்து வந்தன. ஒவ்வொன்றாக நெற்றியில் சுட்டோம். தோட்டா தீர்ந்தபோது இன்னொரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தது கர்ட்தான். துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி மிச்சத்தை அவரே சுட்டார், அழுதுகொண்டே. அடுத்த கொடி நாளில் அவருடைய இயந்திரம் சோளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மாடுகள் போதாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

புல்வெளித் தீயின் உருவத்தைச் சொன்னால் மீதி உங்களுக்கு எளிதாக இருக்கும். பலமான காற்றில் தீ ஈட்டிபோல நீளும். முனையில் இருப்பது தலை. அது வீட்டுயரத்துக்கு எரியும், எதையும் முந்தும். இரண்டு பக்கமும் விலா. விலாவில் தீ முழங்காலளவுதான். பக்கத்தில் நடந்துகூடப் போகலாம். அதனால் புகை தெரிந்ததும், யாரும் கூப்பிடாமலே, எங்கள் ஆட்கள் டிராக்டரில் சட்டிக்கலப்பையை மாட்டிக்கொண்டு வந்து விலாவை ஒட்டி உழுவார்கள். வெறும் மண்ணில் தீ நடக்காது.

ஆனால் எங்கள் இலையுதிர்காலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பகலெல்லாம் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, குளிர் அலை வந்து சேரும்போது சட்டென்று திரும்பி வடமேற்கிலிருந்து வீசும். அப்போது தென்கிழக்கு விலா முழுவதும் ஒரே நேரத்தில் தலையாகிவிடும். ஈட்டி பக்கவாட்டில் நடக்க ஆரம்பிக்கும். அந்தப் பக்கம் இருப்பவர் தப்பிக்க ஒரே இடம்தான்: ஏற்கெனவே எரிந்துபோன கரிநிலம். அதை ஒட்டியே நில் என்றுதான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

நீங்கள் கேட்கும் அந்த நாளில் தீ வடகிழக்கு நோக்கி நன்றாக நீண்டிருந்தது. என் வண்டியில் தனியாக இருந்தேன். வானிலை நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். குளிர் அலை சொன்னதைவிட முன்னதாகவே வருகிறது, ஆட்களை நகர்த்துங்கள் என்றார்கள். நகர்த்தினேன். அங்கிருந்த எல்லா டிராக்டர்களையும் வடமேற்குப் பக்கம் வரச் சொன்னேன். அப்போது கர்ட் என் வண்டியருகே வந்து நிறுத்தினார்.

"நான் எங்க போகட்டும்?"

"தென்கிழக்குப் பக்கம். தீ சின்னதா இருக்கு, நீ ஒருத்தன் போதும்."

"கரியை ஒட்டியே உழுதுட்டு வரவா?"

"வேண்டாம், தள்ளிப் போ. புல்லுக்குள்ள நல்லா அகலமா ஒரு பட்டை போடு."

"தலைவர் சொன்னா சரிதான்," என்று சிரித்துவிட்டுப் போனார். அந்தப் புல்லுக்குப் பின்னால் ஓடை அரித்த செங்குத்தான பள்ளம் இருக்கிறது. டிராக்டர் இறங்காது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் புகையில் அது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. திரும்புவதற்கு முன் அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ரேடியோவில் கர்ட்டின் குரல் வந்தது.

"ஆல்வின், காத்து நின்னு போச்சு. என்ன இது?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"வடக்கேருந்து வருதுய்யா. முழுசா எழும்பி வருது. எந்தப் பக்கம் போகட்டும்? ஆல்வின், சொல்லுய்யா, எந்தப் பக்கம்?"

ரேடியோப் பதிவைப் போட்டுப் பார்த்து, இந்த இடத்தில் தலைவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். நல்ல கேள்வி. மற்றவர்கள் சமிக்ஞை கிடைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். சமிக்ஞை நன்றாகவே இருந்தது. அதன்பிறகு வந்தவை வார்த்தைகள் அல்ல. அவையும் பதிவில் இருக்கின்றன, கேட்டிருப்பீர்கள். அவை ஓயும்வரை ரேடியோவை நான் அணைக்கவில்லை. அது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

முதலில் அங்கே போனதும் நான்தான். டிராக்டரை விட்டு இறங்கிப் பள்ளத்தின் விளிம்புவரை ஓடியிருக்கிறார். பூட்ஸின் அடி உருகித் தரையோடு ஒட்டியிருந்தது. சட்டை இருந்த இடத்தில் சட்டை இல்லை, தோலும் இல்லை. குத்துச்சண்டைக்காரரைப்போல இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் மடக்கி வைத்திருந்தார். வெப்பத்தில் தசை சுருங்கினால் எல்லோருக்கும் அப்படித்தான் ஆகும். அவர் எதையும் எதிர்த்து நின்றதாக அர்த்தமில்லை. இதை அவர் மனைவி ஜோலீனுக்கும் பொறுமையாக விளக்கினேன். அவருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

தீ எப்படிப் பற்றியது என்று கேட்டீர்கள். ஊரில் எல்லோரும் கர்ட்டின் இயந்திரத்திலிருந்து என்று நம்புகிறார்கள். நான் அப்படித்தான் சொன்னேன். அது அவருடைய சோளத்தின் நடுவில் எரிந்து கிடந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையில் அதற்குத் தென்மேற்கே, சாலையோரம் இரண்டு மின்கம்பிகள் காற்றில் உரசிக்கொண்டன. உருகிய கம்பியின் நுனிகளை நானே பார்த்தேன். ஜோலீன் அன்று வேலைக்குப் போயிருந்தார். அவருக்குத் தெரிய வழியில்லை. புருஷன் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்பதுபோல, முட்டைக்கோஸும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன்களைக் கூடையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். எனக்கும் கொண்டுவந்தார்.

"அவர் உங்க பேச்சைக் கேட்டிருக்கணும்," என்றார். "எத்தனை தடவை சொன்னீங்க."

நான் அந்தப் பன்னைச் சாப்பிட்டேன்.

கர்ட் என் பேச்சைக் கேட்டிருந்தார். என் வண்டியருகே நிறுத்தியபோது, எங்கே போகட்டும் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "இன்னைக்குக் காலையிலயே மிஷினை வயல்லயே நிறுத்திட்டேன் கொடிக்காரரே. அந்த மாடுங்க ஞாபகம் வந்துடுச்சு. நீங்க சொல்றது சரிதான்."

கொஞ்சம் யோசித்தேன். ஒருவர் கேட்டு நடந்தால் ஊரே கேட்டு நடந்ததாகாது. அதுதான் அப்போது என் கணக்கு. இப்போதும் அதில் தவறு தெரியவில்லை. ஆனால் அதே வார்த்தைகளை அவர் காபி மேசையில், கையில் பகடையோடு, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தால், அவரை வடமேற்குப் பக்கம் அனுப்பியிருப்பேன்.

எனவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். காற்று திரும்பப்போவது எனக்குத் தெரியும். கர்ட் டிரைலிங்கை அது திரும்பும் பக்கம் நான்தான் அனுப்பினேன். அவர் வழி கேட்டபோது பதில் சொல்லவில்லை. அதன் பிறகு கொடி ஏறிய எந்த நாளிலும் எங்கள் ஊரில் ஓர் இயந்திரமும் ஓடியதில்லை.