கழற்றாத முக்காடு

பசு முக்கும்போதுதான் கன்றை இழுக்க வேண்டும். அது ஓயும்போது நாமும் ஓய வேண்டும். பதினோர் ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் கால்நடை மருத்துவனாக இருக்கிறேன், ஐயா. அவசரப்பட்டு ஒரு கன்றைக்கூட நான் கொன்றதில்லை. என் வாக்குமூலத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யுஸ்தினாவை நான் முதன்முதலில் பார்த்ததும் ஒரு தொழுவத்தில்தான். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஜெர்மானியர் ஊரில் அவள் தந்தை பிரசங்கியார். அவருடைய பசுவின் வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. நான் கையை உள்ளே விட்டு அதைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, அவள் தன் கழுத்திலிருந்த துணியை எடுத்துத் தலையில் போட்டு, நெற்றிவரை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள். கன்று பிழைத்தது. எதற்கு அந்த முக்காடு என்று கேட்டேன்.

"தலைய மூடாம நாங்க ஜெபம் பண்ண மாட்டோம். பேச்சு வர்றதுக்கு முன்னாடியே எங்களுக்கு அதைத்தான் பழக்குவாங்க. உங்களுக்காகவும் சேத்துத்தான் பண்ணேன். பல்லைக் கடிச்சிட்டு நின்னீங்களே."

"அது குளிரு."

"சரி, குளிருக்காகப் பண்ணேன்னு வச்சுக்கோங்க."

அதன்பின் இரண்டு ஆண்டுகள் வியாழன்தோறும் சந்தையில் சந்தித்தோம். அவள் பாலாடைக்கட்டி விற்பாள். விற்று முடித்ததும் என் வண்டியில் அமர்ந்து பேசுவோம். என் வீட்டார் தொழும் கடவுளையும் நான் நம்பியதில்லை, அவள் தொழும் கடவுளையும் நம்பியதில்லை. இதை அவளிடம் நான் மறைக்கவுமில்லை. அவர்களுடைய ஞானஸ்நான முழுக்குப் பெறாதவனை மணந்தால் அவளைச் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். பெற்ற தாயும் அவளோடு ஒரே மேசையில் உண்ணமாட்டாள். ஆகவே, முழுக்குப் பெறுகிறேன் என்றேன்.

"நம்பாம முங்கினா அது வெறும் குளியல். எனக்குக் குளிச்ச மாப்பிள்ளை வேணாம், எசென்," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிப்ரவரி இறுதியில் அவள் குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர அனுமதி வந்தது. தானும் போகப்போவதாகச் சொன்னாள். இங்கிருந்தால் என்னை விட முடியாதாம். அவர்கள் புறப்படப் பத்தொன்பது நாள்கள் இருந்தன. அந்த வாரம் இரண்டு பசுக்களுக்கு மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தேன். நல்லவேளையாக அவை பிழைத்தன. நான் எந்த நிலையில் இருந்தேன் என்பதைக் காட்டவே இதைச் சொல்கிறேன்.

உங்கள் தாளில் 'கடத்தல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சொல்லை நான் மறுக்கிறேன். எங்கள் பசு கன்று ஈனுகிறது, வந்து பார் என்றேன். பசு உண்மையாகவே ஈன்றுகொண்டிருந்தது. அவள் தானாகவே வண்டியில் ஏறினாள். வீட்டு மூலையில் மணப்பெண்ணுக்கான திரை கட்டியிருந்ததையும், என் சுற்றத்துப் பெண்கள் என் தாயின் வெள்ளை முக்காட்டோடு காத்திருந்ததையும் நான் சொல்லவில்லை, அவள் கேட்கவுமில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வீட்டுப் பெண்கள் அவளுக்கு முக்காடு போர்த்துவார்கள். முக்காட்டைத் தலையில் வைத்திருந்தால் பெண் இசைந்தாள் என்று பொருள். அவள் இருமுறை அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"அழுவட்டும்டி, விடுங்க. நாம மட்டும் சிரிச்சுக்கிட்டா வந்தோம்?" என்றாள் சல்கின் அத்தை.

"பன்னிக்கறி தின்னு வளந்த உடம்பு, என்னா வலு பாரு! என் விரலையே ஒடிச்சிருப்பா," என்றாள் சித்தி.

மூன்றாம் முறை போர்த்தியபோது யுஸ்தினா கைகளைத் தாழ்த்தினாள். பிறகு தானே அந்தத் துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக் குனிந்தாள். உதடுகள் அசைந்தன.

"பாத்தீங்களா, அவளே இழுத்து விட்டுக்கிட்டா!" என்று அத்தை கைதட்டினாள். பெண்கள் வாழ்த்துச் சொல்லி மிட்டாய் இறைத்தார்கள். முற்றத்தில் ஆட்டை அறுத்தார்கள்.

என் தாய் மட்டும் வாசற்படிக்கு வந்து என் சட்டையைப் பிடித்தாள். "டேய் எசென், அந்தப் புள்ள என்னமோ முணுமுணுக்குதுடா. அவங்க பாஷை எனக்குப் புரியல. சம்மதம்தானா? இல்லைன்னா ஒரு வார்த்தை சொல்லு, நானே கூட்டிட்டுப் போயி அவ அப்பன்கிட்ட விட்டுட்டு வந்துடுறேன்."

அந்த வீட்டில் இருந்தவர்களுள் அது ஜெபம் என்று அறிந்தவன் நான் ஒருவனே. யாரிடமிருந்து மீட்கும்படி அவள் வேண்டுகிறாள் என்பதையும் அறிவேன். நான் பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் பசுவைப் பார்க்கத் தொழுவத்துக்குப் போனேன். அம்மா அதையே விடையாகக் கொண்டாள். மறுநாள் என் மாமன்மார் சமாதானம் பேச ஓர் ஆட்டோடு பாலத்தின் வழியே அக்கரைக்குப் போய், பெண் தானே முக்காடிட்டுக்கொண்டாள் என்று பிரசங்கியாரிடம் சொன்னார்கள். அவர் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் காலை, தண்ணீர் எடுக்கப்போன யுஸ்தினா வாளியைக் கரையில் வைத்துவிட்டு, தன் ஊரின் புகைபோக்கிகளைப் பார்த்தவாறு உறைந்த ஆற்றின் பனிக்கட்டியின்மேல் நடந்தாள். மார்ச் மாதத்தில் அது ஒரு கன்றைக்கூடத் தாங்காது. ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்கு அது தெரியாதிருக்குமா என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது, ஐயா.

நான் குற்றவாளி என்றே எழுதுங்கள், கையொப்பமிடுகிறேன். ஆனால் அவளை எங்கள் இடுகாட்டில் அடக்கம் செய்ய விடுங்கள். அவள் என் மனைவி. மதகுக்கருகே அவள் உடலைத் தண்ணீரிலிருந்து தூக்கியபோது நீங்களும் பார்த்தீர்கள். என் தாயின் முக்காடு அப்போதும் அவள் தலையில் இருந்தது. நெற்றிவரை இழுத்து, தாடைக்குக் கீழே இரண்டு முடிச்சிட்டிருந்தாள். என்னை வேண்டாமென்று போகிறவள் அதை அவ்வளவு இறுக்கமாகக் கட்டிக்கொண்டு போவாளா?