பூட்டில்லாத இணைப்பு

லுத்ஃபி எனக்குத் தரவேண்டியிருந்தது ஆயிரத்து எழுநூற்று நாற்பது பவுண்டு. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஒயர் இழுத்த கூலி. அலெக்சாந்திரியாவில் எங்கள் சந்து முழுமைக்கும் இணைய இணைப்பு ஒன்றுதான், அதுவும் அவர் பெயரில். மற்ற வீட்டுக்காரர்கள் அதிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டு மாதாமாதம் பங்குக் காசு கொடுப்பார்கள். அதை வாங்க மறக்காத மனுஷனுக்குக் கூலி கொடுப்பது மட்டும் மறந்துவிடும்.

கல்லூரியில் கணினிப் பாடம் எடுப்பவர். வைஃபைக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. தெருவில் போகிறவனெல்லாம் அதில் நுழையலாம்.

"ஒரு பூட்டுப் போடுங்க சார். எவன் எதை எழுதினாலும் உங்க பேர்லதானே போகும்?" என்றேன்.

டீக்கடையில் எல்லோர் நடுவிலும் சிரித்தார். "கேட்டீங்களா, நாப்பத்தாறு வயசுல அலிஃப்னு முதல் எழுத்தை எழுதக் கத்துக்கிட்டவரு எனக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துறாரு. ஒயர்க்கார உஸ்தா, இணையம் எல்லாருக்கும் பொது. போய் ஒயரைப் பாரு."

"அப்ப என் கூலி?"

"அதையும் பொதுவுல வெச்சிரு."

கடையே சிரித்தது. நான் கோபப்படவில்லை ஐயா. படித்தவர்களுக்குச் சொன்னால் ஏறாது, காட்டவேண்டும்.

மறுநாள் மத்தியானம் மாடித் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். அவருடைய இணைப்பிலிருந்து, பொய்ப்பெயரில், எந்தக் காவல் நிலையத்தை எப்போது கொளுத்துவது என்று நாலு வரி எழுதிப் போட்டேன். என் வேகத்துக்கு அதற்கே ஒரு மணி நேரம். பிறகு போனைக் கடலில் எறிந்தேன். பழைய போன்தான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போலீஸ்காரர்கள் வந்தார்கள். பனியனோடு இழுத்து வந்தார்கள் அவரை.

"பாஸ்வேர்டு இல்லாத இணைப்புங்க, யார் வேணா எழுதியிருக்கலாம்," என்றார் லுத்ஃபி.

"ஓ, அதுக்குத்தான் தொறந்து வெச்சியா?" என்றார் அதிகாரி.

அத்தனை படித்தவர் கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தார். "உஸ்தா, நீயாவது சொல்லு. பூட்டே இல்லன்னு அன்னிக்கு நீதானே சொன்னே."

"எனக்கு எழுதப் படிக்கவே சரியா வராது சார்," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

சிறையில் அவருக்கு நெஞ்சுச்சளி. இரண்டாவது குளிர்காலத்தைத் தாண்டவில்லை. இப்போது இணைப்பு என் பெயரில் இருக்கிறது. பாஸ்வேர்டு உண்டு, பங்குக் காசு என்னிடம் வருகிறது. சந்து பத்திரமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்த வாரம் அவர் மனைவி நஜ்வா, வளையலை விற்று, என் கூலியை எண்ணிக் கொண்டுவந்தாள். "அவர் கடனோட போகக்கூடாது, அண்ணே."

நான் தொடவில்லை. "விடும்மா, தள்ளுபடி பண்ணிட்டேன்," என்றேன். செத்துப்போனவரிடம் கூலி வாங்குகிற ஆள் இல்லை நான்.